கடுகளவு ரத்தம்

என் நண்பன் சலூன்காரன் குடியை விட்டு நூற்றுப் பதினோரு நாள் ஆகிறது. அவன் குடித்த காலத்தில் நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. பொய் சொல்வதுதான் என் பங்கு. இருபது வருடமாக அவன் மனைவியிடம் அவனுக்காக நான் அளந்து விட்டதையெல்லாம் அடுக்கினால் நிலாவுக்கு ஏணி கட்டலாம். பஸ் கவிழ்ந்தது, பாலம் இடிந்தது, எனக்கு மட்டும் ஏழு முறை நெஞ்சுவலி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுவே எனக்கு முழுநேர உத்தியோகம்.

சிகிச்சை முடிந்து வந்தவனிடம் அவள் கடைச் சாவியைத் தரவில்லை. ஒருவருக்காவது கை நடுங்காமல் சவரம் செய்து காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். கடைசியாக அவன் கத்தி பிடித்த அன்று ஒருவர் காதில் நாலு தையல். அதனால் எவனும் கன்னம் கொடுக்க வரவில்லை. நான் கொடுத்தேன்.

சமையலறையில் நாற்காலி போட்டு, என் கழுத்தில் துண்டு கட்டி, நுரை தடவினான். அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கன்னத்தில் கத்தி வெண்ணெயாக வழுக்கியது. முன்பு குடித்துவிட்டு ஊர்வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பவன், இப்போது மூச்சுகூட விடவில்லை. இவன் அவன்தானா என்று எனக்கே குழப்பம். அந்த அமைதி தாங்காமல் சிரித்துத் தொலைத்தேன். வலது கன்னத்தில் சுரீர் என்றது. குடம் குடமாக ரத்தம் கொட்டுவதாக நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் கடுகளவு.

"கை நடுங்குச்சா அண்ணே?" என்றாள் அவள்.

"இல்லம்மா. நான்தான் சிரிச்சுத் தலைய ஆட்டிட்டேன். சத்தியமா."

"பாலம் இடிஞ்சுதுன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான் அண்ணே."

அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அப்படி அநியாயமாகச் செத்தது.

அவன் கத்தியைத் துடைத்து மடக்கினான். "நடுங்குச்சு. இவன் சிரிக்கிறதுக்கு முன்னாடியே."

முன்பெல்லாம் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே, குடிக்கவே இல்லை என்று சாதித்தவன் அவன்.  அவள் உப்பு ஜாடிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு முடி மட்டும் வெட்டு. கத்திய அப்புறம் பாக்கலாம்."

நடுங்கியது என்றவனுக்குச் சாவி; நடுங்கவில்லை என்ற எனக்குப் பொய்யன் பட்டம். உண்மையில் நடுங்கியதா இல்லையா? எனக்கே இப்போது சந்தேகமாக இருந்தது. மீதிக் கன்னத்தை யார் மழிப்பது என்று கேட்டேன். இருவரும் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரை என் கழுத்தில் வழிந்தது.