வெட்டி எடுத்த இடைவெளி

...அதுவும் மெழுகுவத்தி செய்யலாமாம், செய்து? யார் விற்பது, மெழுகுவத்தியே தெருவில் இறங்கிப் போய் வாடிக்கை பிடித்து வருமா, நாய்களை நடக்கக் கூட்டிப் போகலாமாம், நாய் பேசாது, வாஸ்தவம்தான், ஆனால் நாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருப்பாரே, அவர் கதவைத் திறந்ததும் நாய் நேற்று ராத்திரி தும்மியதில் ஆரம்பித்து விடுவாரே... செடி வளர்த்து விற்கலாம், பழைய புத்தகங்களைத் தபாலில் அனுப்பலாம், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கையைக் கடிக்காத முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில்கள் என்று இணையத்தில் எத்தனை பட்டியல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வரி, வாடிக்கையாளரிடம் கலகலப்பாகப் பழகத் தெரிந்திருப்பது நல்லது. கலகலப்பாகப் பழகத் தெரிந்தால் நான் ஏனய்யா மெழுகுவத்தி காய்ச்சப் போகிறேன் என்று அவள் திரையைப் பார்த்து மனதுக்குள் கேட்டாள், வாய் விட்டுக் கேட்கவில்லை, தனியாக இருக்கும்போதும் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இன்று எதற்கு மறுபடி அந்தப் பட்டியல்களைத் திறந்தாள், அவளுக்குத்தான் தொழில் இருக்கிறதே, இரண்டு வருடமாக இதே மேஜை, இதே பழைய கம்ப்யூட்டர், காதுக்குப் பஞ்சு கிழிந்த இந்த ஹெட்போன், இரைச்சல் கூடாதென்று மின்விசிறியை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு உட்காருகிற இந்தப் பின்னறை. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கிறது, அப்புறம் தெரியவில்லை.

அத்தான் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார், 'திங்கக்கிழமை ஒன்பதரைக்கு ஷோரூமுக்கு வந்துடும்மா, முன் கவுண்டர் உனக்குத்தான்', கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. அக்காவின் கணவர் நல்ல மனிதர், அதுதான் தொந்தரவு, கெட்டவராக இருந்தால் பதில் போடாமல் இருந்துவிடலாம். சோபாவும் கட்டிலும் விற்கிற கடையில் முன் கவுண்டர் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா, வாங்க சார், உட்கார்ந்து பாருங்க மேடம், குழந்தைகளுக்கு எத்தனை வயசு... இதற்கு முன் ஆஸ்பத்திரி வரவேற்பில் ஆறு வருடம் குப்பை கொட்டியவள்தானே, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் முன்னால் வாக்கியத்தை மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்ப்பதற்குள் மணி நின்று போய், மாலை வீட்டுக்கு வந்தால் யாரோ தோலை உரித்த மாதிரி இருக்கும். அதை விட்டு வந்து இதைக் கண்டுபிடித்தாள், ஊரெல்லாம் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள், அதில் இருக்கிற இருமல், தடுமாற்றம், வந்து, அதாவது, ம்ம், எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்புவது, எல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். சபையில் துணிச்சலாகப் பேசுவது எப்படி என்று வகுப்பெடுக்கிற ஒருவர் இருக்கிறார், வாக்கியத்துக்கு ஒரு 'ஆக' போடுவார், போன வாரம் அவருடைய துணிச்சலிலிருந்து அத்தனை ஆகவையும் பொறுக்கி எடுத்தாள், வெட்டின இடமே தெரியவில்லை என்று எழுதியிருந்தார், அதை அவள் எத்தனை முறை படித்தாள் என்று வெளியே சொன்னால் வெட்கம். வாய் திறக்காதவள் வாயாடிகளை வைத்துப் பிழைக்கிறாள், நல்ல வேடிக்கைதான்.

ஆனால் அக்கா வீட்டில் இதை ஒரு தொழில் என்று யார் ஒப்புக்கொண்டார்கள், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்கிறாள் அக்கா, பொழுதுபோகாமல் பாட்டுக் கேட்பது போல. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நடந்ததும் அதுதானே, அக்கா மகளுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள், கையில் காசில்லாமல் தொழில் தொடங்கிய ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும், வீட்டிலேயே தாத்தா இருக்கும்போது வேறெங்கே போவாள், போனில் பதிவை ஓடவிட்டு அவர் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அப்பா கேட்க வேண்டுமா, ஒரு அரமும் ஒரு ஸ்டூலும் வைத்துச் சாவி செய்கிற கடை போட்ட கதையை ஆரம்பித்தார், கடைகூட இல்லை, இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காருகிற சந்து, 'சாவி செய்ய பத்து நிமிஷம், பேச்சு அரை மணி நேரம், வாய்தான் எனக்கு முதல்' என்று மேஜையைத் தட்டினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அழுகிற முகத்தோடு வருவார்கள், சிரித்துக்கொண்டு போவார்கள், அவள் சின்ன வயதில் அந்த ஸ்டூலுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், இவருக்கு எங்கிருந்துதான் வருகிறது என்று. அப்போதுதான் அக்கா மகள் கேட்டாள், 'தாத்தா, வாய்தான் முதல்னா, சித்தி மாதிரி பேசாதவங்க என்ன பண்றது?' அத்தான் விடுவாரா, 'காளான் வளர்க்கலாம், அது எதிர்த்துப் பேசாது' என்றார், எல்லோரும் சிரித்தார்கள், கேலியில் விஷம் ஒன்றும் இல்லை, அவளும் சிரித்தாள். அந்தச் சூட்டிலேயே முன் கவுண்டர் பேச்சும் வந்தது. அப்பா, 'அவளுக்கு என்ன வேணும்னு அவளையே கேளுங்க' என்றார். கேட்ட கையோடு, அவள் மூச்சு இழுத்து வாயைத் திறப்பதற்குள், 'யாராவது தண்ணி குடுங்கப்பா' என்று பேச்சை மாற்றிவிட்டார். அத்தான், 'அப்போ சரி, திங்கக்கிழமையே வரட்டும்' என்று முடித்தார், முடிந்தது. கேட்கிற மாதிரி கேட்பது, பதில் வருவதற்குள் தண்ணீர் கேட்பது, இந்த வீட்டில் என்றைக்கு என்னைப் பேச விட்டார்கள் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தாள், மற்றவர்கள் போகட்டும், அப்பாவுமா. அன்றிலிருந்து அவர் இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை.

அந்தப் பதிவைத்தான் அக்கா மகள் சுத்தம் பண்ணித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாள், நேற்றே முடித்துக் கொடுத்தாயிற்று. எப்போதும் செய்கிற முறைதான், முதலில் பதிவு முழுவதையும் கம்ப்யூட்டரில் இருக்கிற வெட்டும் கருவியிடம் கொடுத்து நீளமான மௌனங்களைத் தானாக வெட்டவிடுவது, சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது மௌனம் என்று எடுத்துக்கொண்டு கத்தரித்துவிடும், அப்புறம் ஒருதரம் ஓட்டிக் கேட்பது. அப்பாவின் கேள்வி வந்தது, ஒட்டினாற்போல் தண்ணீர் வந்தது, பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான், வாயைத் திறக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை என்று ஒரு கசப்பான திருப்திகூட வந்தது, அதற்கு மேல் கேட்காமலே அனுப்பிவிட்டாள். இப்போது சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா மகளிடமிருந்து செய்தி, 'சித்தி, சூப்பர், ஒரே ஒரு இடத்துல மட்டும் தாத்தா மூச்சு பாதியில நிக்குது, கொஞ்சம் பாருங்களேன்'. அவளுக்குச் சுருக்கென்றது, வெட்டின இடம் தெரிகிறதாம், அதுவும் சொந்த வீட்டு வேலையில். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், ஆமாம், 'கேளுங்க' என்பதற்கு அடுத்து ஒரு மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. மூலப் பதிவைத் திறந்தாள்.

திரையில் பேச்செல்லாம் புதர் புதராக ஏறி இறங்கிக்கொண்டு வந்தது, கேள்விக்கு அப்புறம் சட்டென்று ஒரு நேர்கோடு, அது போய்க்கொண்டே இருந்தது... இவ்வளவா, வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பின்னால் போய்ப் பார்த்தாள், அதே இடம்தான். ஒலியைக் கூட்டினாள். அப்பாவின் மூச்சு மெல்ல வெளியே வந்தது, மரநாற்காலி கிறீச்சிட்டது, இவள் பக்கம் திரும்பியிருப்பாரா, திரும்பினால்தான் அது அப்படிக் கத்தும். எங்கோ ஒரு ஸ்பூன் தட்டில் பட்டது. அத்தானின் குரல், 'அது வந்து, அவளுக்கு...' என்று முணுமுணுப்பாக ஆரம்பித்தது, உடனே ஒரு 'ஸ்ஸ்'. அவள் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினாள், ஸ்ஸ், பல்லுக்கு நடுவில், போன் பக்கத்திலிருந்து, அப்பாதான், மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிற அந்த அப்பாதான். கருவிக்கு அந்த முணுமுணுப்பும் ஸ்ஸும்கூட மௌனமாகத்தான் பட்டிருக்கிறது. எல்லோரும் அடங்கினார்கள், கோடு இன்னும் நீண்டது, மேலே இருந்த நேர அளவு நகர்ந்துகொண்டே இருந்தது, பேசு, பேசித் தொலையேன் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது, அங்கே பேச வேண்டியவளும் அவள்தான் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. என்ன செய்துகொண்டிருந்தாய் நீ இத்தனை நேரமும்? தட்டின் விளிம்பில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த வேலையே எனக்குப் போதும் என்ற வாக்கியத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், போதும் என்று சொன்னால் திமிராக இருக்குமோ, பிடித்திருக்கிறது என்றால் சிரிப்பார்களோ... அது ஒரு கண்சிமிட்டல் என்றுதான் இந்த ஐந்து நாளும் சத்தியம் செய்திருப்பாள். அப்புறம்தான் அது வந்தது, உரக்க, வேண்டுமென்றே உரக்க, 'யாராவது தண்ணி குடுங்கப்பா!', அக்காவின் குரல், 'உங்க முன்னாடிதானேப்பா டம்ளர் நிறைய இருக்கு', எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். இந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவிலேயே இல்லை. நிறைந்த டம்ளரை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டிருக்கிறார், எல்லோருடைய கண்ணையும் இவளிடமிருந்து பிடுங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், மேல்வீட்டில் துணி துவைக்கிற இயந்திரம் தடதடத்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, ஒருவகையில் கோபமாகக்கூட இருந்தது, அது அவள் பத்திரமாக வைத்திருந்த குறை அல்லவா, என்னைப் பேச விடவில்லை என்பது, எத்தனை வருடமாக அதன்மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இப்போது ஸ்டூலை உருவிவிட்டாற்போல் இருந்தது. நினைவில் வேறு எத்தனை இடத்தில் இப்படி வெட்டி வைத்திருக்கிறோமோ, அதற்கெல்லாம் மூலப் பதிவு கிடையாதே... சரி, அதெல்லாம் இருக்கட்டும், இதை என்ன செய்வது? அந்தக் கோட்டை அப்படியே திருப்பி வைத்தால் கல்லூரியில் கேட்கிறவர்கள் பதிவு கெட்டுவிட்டது என்பார்கள், பாதியாகக் குறைக்கலாம், அந்த மூச்சு முடிகிற வரைக்கும் விட்டால் போதும், வெட்டின இடம் தெரியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், செய்யவில்லை, முழுசாகத் திருப்பி வைத்தாள், ஸ்பூன், முணுமுணுப்பு, ஸ்ஸ், எல்லாம் சேர்த்து, அக்கா மகளுக்கு அனுப்பினாள், 'இது இப்படியே இருக்கட்டும்' என்று ஒரு வரி போட்டாள்.

அப்புறம் போனை எடுத்தாள், வாக்கியத்தை ஓட்டிப் பார்க்காமல், ஓட்டிப் பார்த்தால் நடக்காது என்று தெரிந்து, அப்பாவின் எண்ணை அழுத்தினாள். எப்போதும் அவர் எடுத்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார், யாரு, சொல்லு, சாப்பிட்டியா, என்ன குழம்பு, ஒன்றுக்கும் பதில் வேண்டியதில்லை அவருக்கு. இன்று 'சொல்லும்மா' என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை, ஷோரூம், வேண்டாம், எந்த வார்த்தை முதலில் வர வேண்டும், அத்தான் வருத்தப்படுவாரா, அக்கா கத்துவாளா... அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. தூரத்தில் அக்காவின் குரல், 'யாருப்பா போன்ல, பேசாமலே இருக்கீங்க?', உடனே அந்த 'ஸ்ஸ்', இப்போது கருவி எதுவும் நடுவில் இல்லை, அவள் காதிலேயே விழுந்தது. இனி இந்த இடைவெளியை யாரும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, இது முழுக்க அவளுடையது, எவ்வளவு நீளமானாலும். 'அப்பா' என்றாள். அடுத்த வார்த்தை இன்னும் வரவில்லை, அவர் தண்ணீர் கேட்கவில்லை.