உச்சிவெயிலில் நிழல் அளந்தவருக்கு ஒரு பின்னூட்டம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சக ஆசிரியர் ஒருவரின் வலைப்பூவுக்குக் கீழே நான் எழுதத் தொடங்கிய பின்னூட்டம் இது. நாலு வரியில் முடியவேண்டியது, வளர்ந்துகொண்டே போய்விட்டது. 'நான்' என்று எழுத வெட்கமாக இருப்பதால் எனக்குப் பதிலாகக் கணக்கு டீச்சர் ஒருத்தியை உள்ளே அனுப்புகிறேன். அவள் படட்டும்.

2

'அறிவியல் சார் ஓர் அரிய மனிதர், அன்னாரது பணி...' (பிரிவுபசார விழா வாடை. அடித்துவிட்டேன்.)

'இன்றைய நவீன உலகில் கைபேசியானது...' (பேச்சுப்போட்டி. இதுவும் போயிற்று.)

சரி, இப்படித் தொடங்குகிறேன். கணக்கு டீச்சருக்குக் கைபேசி என்றாலே ஆகாது. வகுப்பில் சிணுங்கினால் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவாள். அறிவியல் சாரோ கைபேசியை வைத்தே பாடம் நடத்துவார், நடத்தியதை வலைப்பூவில் எழுதுவார். "பாடம் நடத்தச் சொன்னா படம் காட்டுறாரு" என்று ஆசிரியர் அறையில் முதலில் கேலி பேசியவள் இவள்தான். தினமும் பல் விளக்கியதும் அந்த வலைப்பூவைத் திறப்பவளும் இவள்தான்.

3

ஏன் திறந்தாள்? அவர் தான் சொதப்பியதைத்தான் முதலில் எழுதுவார். 'நிழலை வைத்து உயரம் கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகளைக் கைபேசியோடு உச்சிவெயிலில் கூட்டிப்போனேன். நிழல் காலடியிலேயே சுருண்டுகொண்டது. ஓர் அறிவியல் வாத்தியாருக்கு இது தெரியவேண்டாமா? நீங்கள் ஒன்பதரைக்குப் போங்கள்.'

இருபது வருடத்தில் கரும்பலகையில் போட்ட தப்பைக்கூட யாரும் பார்க்குமுன் அழித்துவிடுகிறவள் அவள். இப்படி எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை இழுப்பறையைத் திறந்து கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தாள். சரியாக ஒன்பதரைக்கு, மீட்டர் குச்சியின் நிழலையும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பிள்ளைகள் கைபேசிக் கேமராவாலேயே அளந்தார்கள். வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் கத்தினாள்: "டீச்சர், ரெண்டுக்கும் விகிதம் ஒண்ணுதானே? அப்ப தொட்டி பதினோரு மீட்டர்!"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. (வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.)

4

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடலாமா என்று நாலுமுறை பார்த்தேன். முடியவில்லை.

தலைமையாசிரியை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "தொட்டிய செல்போன வச்சே அளந்துட்டீங்களாமே! அந்தப் பொண்ணு பதில் சொல்லுச்சாமே! உங்க யோசனையா?"

"ஆமாங்க மேடம். சும்மா தோணுச்சு."

அறிவியல் சார் அப்போது ஆய்வகத்தில் இருந்தார். அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார்: 'வெள்ளிக்கிழமையோடு வலைப்பூவை மூடுகிறேன். தினமும் வாசகர் ஒருவர் என்று காட்டுகிறது. சரிபார்க்க நானே திறப்பது அது. யாருக்கும் பயன்படாததை எதற்கு எழுதவேண்டும்?'

இன்று வெள்ளிக்கிழமை.

5

முடிவு ஒன்று: பெயர் போடாமல் 'அருமை சார், தொடருங்கள்' என்று எழுதுகிறாள். (முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.)

முடிவு இரண்டு: நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், "மேடம், அன்னிக்கு நான் சொன்னது..." (அவ்வளவு தைரியம் இருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்?)

மூன்றாவதை எழுதிவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை: 'சார், எழுதுகிறவர் திறப்பதை வலைப்பூ எண்ணாது. அந்த ஒரு வாசகர் நீங்கள் இல்லை. நான். தொட்டியை உங்கள் நிழல் பாடத்தை வைத்துத்தான் அளந்தேன், மேடத்திடம் என் யோசனை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தப்பை எழுதுகிற தைரியத்தில் கால்வாசி எனக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. மூடாதீர்கள்.' கீழே என் முழுப் பெயர்.

இதற்குமேல் உங்கள் பாடு. இதை ஏதோ ஒரு கதைத் தொகுப்பில் படிக்கிறீர்கள் என்றால், அவள் பயந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வலைப்பூவின் அடியில் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். சனிக்கிழமைத் தேதியில் சார் ஏதாவது எழுதியிருக்கிறாரா?