அமுங்கிப்போன பட்டன்

வாக்கி-டாக்கியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். பேச வேண்டுமானால் பக்கவாட்டுப் பட்டனை அமுக்க வேண்டும், கேட்க வேண்டுமானால் விட வேண்டும். அமுக்கிக்கொண்டே கேட்க முடியாது. இவ்வளவுதான் அதன் லட்சணம். ஒருத்தன் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் அவன் தும்முவதுகூட எல்லாருக்கும் கேட்கும். எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்கு எதுவும் கேட்காது.

காட்டுப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்துகிறவளே ரேடியோ டீச்சர்தான். பிள்ளைகள் வைத்த பெயர் அது. பதிமூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகள் நகரத்திலிருந்து வந்து ஒரு மாதம் தங்குவார்கள். கூடாரம் அடிக்க, திசை பார்க்க, தீ மூட்ட, சண்டை போடாமல் ஒன்றாக நடக்கக் கற்றுக்கொண்டு போவார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. மலைக்குக் கூட்டிப்போவது வழிகாட்டிகளின் பொறுப்பு. அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ரேடியோவில் கேட்டு, சுவரில் தொங்கும் வரைபடத்தில் குண்டூசியை நகர்த்துவது டீச்சரின் பொறுப்பு. அவளும் ஒரு காலத்தில் மலையில் கிடந்தவள்தான். முழங்கால் கைவிட்டதும் நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

வழிகாட்டிகளில் பிள்ளைகள் உயிரையே விடுவது ஒருத்தன் மேல்தான். டீச்சரின் கூடப்பிறந்த தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். அதற்கு முன்னால் எந்த வேலையிலும் அவன் ஒரு வருஷம் முழுசாக ஒட்டியதில்லை. இங்கே நாலு வருஷமாக நிற்கிறான். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், அது வேறு விஷயம்.

போன வாரம்தான் ரெண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. ஆற்றைத் தாண்டலாமா என்று அவன் ரேடியோவில் கேட்டான். மேலே மேகம் கறுத்திருந்ததால் வேண்டாம், பாலத்துக்குச் சுற்றிப் போ என்றாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் கூடுதலாக நடந்தான். ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. திரும்பி வந்ததும் மற்ற வழிகாட்டிகள் சாப்பாட்டு அறையில் வைத்து அவனைக் கிண்டி எடுத்துவிட்டார்கள். "அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பல்லு விளக்குவியா?" என்று ஒருத்தன் கேட்டான். தம்பி சிரித்துவிட்டு எழுந்து போனான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு மதியம் ஆபீஸ் அறையில் அவள் மட்டும்தான். பிரின்சிபால் ஜீப்பை எடுத்துக்கொண்டு சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். ஜன்னல் கம்பியில் யாருடைய காலுறைகளோ காய்ந்துகொண்டிருந்தன. அறையெல்லாம் ஈர ரப்பர் வாடை. டெலிபோன் அடித்தது. ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் தடுப்பணைக் காவலாளி.

"டீச்சர், மலை மேல நல்ல மழை. மதகு ஒண்ணைத் திறந்துட்டோம். அரை மணி நேரத்துல தண்ணி கீழ வந்துடும். உங்க ஆளுங்க யாராச்சும் ஆத்துப் பக்கம் இருந்தா மேல ஏறச் சொல்லுங்க."

தம்பியின் கூட்டம் இந்நேரம் ஆற்றங்கரையில்தான் இருக்கும். எட்டுப் பிள்ளைகள், அவன், கூடவே இந்தத் தடவை புதிதாகச் சேர்ந்த சின்ன டீச்சர். ஆனாலும் அவள் பதறவில்லை. ஆற்றில் கால் வைக்குமுன் ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று மைக்கை எடுத்தாள். எடுத்த அதே நொடியில் ரேடியோப் பெட்டி கரகரவென்று உயிர் பெற்றது.

"ஷூவைக் கழட்டாதீங்க. கல்லு கிழிச்சிடும்," என்றது தம்பியின் குரல்.

நூறு ஆயுசு இவனுக்கு என்று நினைத்துக்கொண்டாள். பிறகுதான் அவன் தன்னிடம் பேசவில்லை என்பது உறைத்தது. பை வார் உரசும் சத்தம், யாரோ தும்மும் சத்தம், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். தோள் வாரின் கொக்கி ரேடியோ பட்டன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவனுக்கே தெரியாமல் அவன் ஒலிபரப்பிக்கொண்டிருந்தான்.

"பட்டனை விடுடா! பட்டனை விடு!" என்று மைக்கில் கத்தினாள். யாரிடம் கத்துகிறாள்? அவன் பட்டன் மேலே எழும்பினால்தான் இவள் குரல் உள்ளே போகும். இது அவளே கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும் விஷயம். தெரிந்தும் கத்தினாள். இன்னொரு ரேடியோ சின்ன டீச்சரின் பைக்குள் இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அதை அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அதன் அலைவரிசைக்கும் மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சுவரோடு பேசியிருக்கலாம். மறுபடியும் தம்பியின் அலைவரிசைக்கே திரும்பினாள். பிரின்சிபாலின் போன் எல்லைக்கு வெளியே இருந்தது. ஆற்றுக்கு நடந்தே போகலாமென்றால் இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்கே மூன்று மணி நேரம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணா, ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" இது சின்ன டீச்சர்.

கேளு, தாயே, கேளு என்று டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ரேடியோவைக் கையில் எடுத்தால் போதும், கொக்கி நகர்ந்துவிடும்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. எங்க அக்காவைப் பத்தி எனக்குத் தெரியாதா? வாளித் தண்ணியில குளிக்கவே ஆழம் பாக்கிறவ."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கூட்டத்திலேயே வாயாடி என்று பேரெடுத்த ஒரு பெண், "அப்ப டம்ளர்ல தண்ணி குடிக்கிறப்ப இடுப்புல கயிறு கட்டிப்பாங்களா அண்ணா?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. வேறொரு நாளாக இருந்தால் டீச்சரே சிரித்திருப்பாள். அந்தப் பெண்ணின் வாய்க்கு அவள் ரசிகை.

"இல்லண்ணா, ரூல்னு ஒண்ணு இருக்குல்ல..."

"தண்ணியைப் பாருங்க. கணுக்கால் நனையுமா? இதுக்குப் பாலத்துக்குச் சுத்திப் போய் மறுபடியும் நான் மத்த வழிகாட்டிங்க வாய்ல விழணுமா? நாம கேக்கலேன்னா, வேண்டாம்னு யாரும் சொன்னதா ஆகாது. அவ்வளவுதான்."

இந்தப் பாழாய்ப்போன பட்டன் ஒழுங்காக இருந்திருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போன அந்தத் தட்டு அவள் கண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். தானாகச் சரியாகிவிடுவான் என்று விட்டுவிட்டாள்.

சமையல்காரர் கதவருகே வந்து நின்றார். ராத்திரிக்கு எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று கேட்க வந்தவர். அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"சொல்ல வழியே இல்லையாம்மா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப அதை அணைச்சிடும்மா. கேட்டு என்ன பண்ணப் போற?"

"எப்படிண்ணே அணைக்கிறது?" என்றாள். "என்னால கேட்டுட்டு நிக்க முடியாதும்மா," என்று அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். பாத்திரம் தேய்க்கும் சத்தம் தேவைக்கு மேல் பலமாகக் கேட்டது.

மும்மூன்று பேராகக் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். முதல் மூன்று பேர் அக்கரை ஏறியதும் "வந்துட்டோம்!" என்று கூவினார்கள். தம்பி ஆற்றின் நடுவில் நின்றபடி ஒவ்வொருத்தருக்கும் அடி வைக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இடது கால் அந்த வெள்ளைக் கல் மேல, ஆங், அப்படித்தான், கீழ பாக்காத, என்னையே பாரு என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னான். இரண்டாவது மூன்று பேரும் ஏறினார்கள். இன்னும் இரண்டு பேர், சின்ன டீச்சர், அவன். சீக்கிரம், சீக்கிரம் என்று டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பயனில்லாத மைக்கை ஏன் வாயருகே பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீரின் சத்தம் மாறியது. அதை முதலில் கவனித்தது அவள்தான், அவர்கள் பிறகுதான்.

"அண்ணா, தண்ணி கலங்குது," என்றது வாயாடியின் குரல். அதில் விளையாட்டு இல்லை.

"நில்லு. திரும்பாத. என் கையைப் பிடி. கையைப் பிடி பாப்பா!"

பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. சின்ன டீச்சரின் அலறல், அக்கரைப் பிள்ளைகளின் கூச்சல், நடுவில் தம்பி தொண்டை கிழியக் கத்துவது. "பையைக் கழட்டு! பையை விடு! பையை விட்டுடு!" அந்தப் பெண் "அம்மா" என்றாள், ஒரே ஒரு தடவை. தொப்பென்று ஒரு சத்தம், குடத்தைத் தண்ணீரில் அமுக்கியது போல ஒரு களகளப்பு. பெட்டி அடங்கிவிட்டது.

இப்போது லைன் காலி. என்ன வேண்டுமானாலும் பேசலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டாள். தம்பி, தம்பி என்று கூப்பிட்டாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். பிறகு இரண்டு அலைவரிசையிலும் மாறி மாறி வெறுமனே ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து விட்ட அன்று அவள் அம்மா ஆபீஸ் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே பொண்ணு, கொஞ்சம் பாத்துக்கோங்க என்றாள். "எங்க தம்பிதான் கூடப் போறான், கவலையே படாதீங்க," என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னவள் இதே டீச்சர்தான். அந்த அம்மாவின் நம்பர் மேஜைக் கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க டீச்சர் வரைபடத்தைப் பார்த்தாள். ஊசி இன்னும் காலையில் குத்திய இடத்திலேயே நின்றது. எழுந்து வராந்தாவரை போனாள், முழங்கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கடவுளைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், போன வாரம் பெய்யாத மழையைத் திட்டினாள்.

எவ்வளவு நேரம் போனதென்று அவளுக்குத் தெரியாது. பெட்டி மறுபடியும் கரகரத்தது. இந்தத் தடவை சின்ன டீச்சரின் ரேடியோ. பேசியது தம்பி.

"ஆபீஸ், ஆபீஸ், கேக்குதா? ஆத்தைத் தாண்டிட்டோம். எல்லாரும் நல்லா இருக்காங்க. தண்ணி முழங்கால் அளவுதான். ஒரு ரேடியோ மட்டும் கை தவறி விழுந்துடுச்சு. வேற ஒண்ணும் விசேஷமில்ல."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மைக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். சமையல்காரர் ஓடி வந்து, "எல்லாரும் சேந்துட்டாங்களா?" என்றார். தலையாட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அப்புறம்தான் தம்பி சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அவள் காதில் இறங்கியது. முழங்கால் அளவு. கை தவறி. ஒண்ணும் விசேஷமில்ல.

"அந்தப் பொண்ணுகிட்ட குடு," என்றாள். "வாயாடிகிட்ட."

யாரோ ரகசியமாக ஏதோ சொல்வது காற்றோடு கேட்டது.

"டீச்சர்..." பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "ஒண்ணும் இல்ல டீச்சர். ஜாலியா இருந்துச்சு."

அவ்வளவுதான். நாளெல்லாம் ஓயாமல் பேசுகிறவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். இவளுக்கு இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவே தேவையில்லை.

தம்பி மறுபடியும் வந்தான். குரல் இறங்கி, வீட்டுக் குரலாகிவிட்டது. "அக்கா, ஏன் ஒரு மாதிரி பேசுற? சாப்பிட்டியா இல்லையா?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவன் வேலை போகும். நாலு வருஷம் நின்ற ஒரே வேலை. சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு எட்டுப் பிள்ளைகளோடு அதே கரையில் நிற்பான், கேட்காமல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

"உன் பட்டன் அமுங்கியே இருந்துச்சுடா," என்றாள். "எல்லாத்தையும் கேட்டேன். அவ அம்மான்னு கத்தினது வரைக்கும்."

சொல்லிவிட்டுத் தன் பட்டனை விட்டாள். அவன் பட்டனை அமுக்கவே மாட்டானோ என்று நினைத்தாள். அழுகிறானோ என்று நினைத்தாள். மன்னிச்சிடுக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையே?" என்றான்.

"இல்லடா," என்றாள். யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. சின்ன வயசில் அவன் எதையாவது உடைத்துவிட்டு அவள் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும்போதெல்லாம் சொன்ன அதே "இல்லடா." சொன்னதைத் திருப்பி வாங்க மைக்கை இறுக்கிப் பிடித்து அமுக்கினாள், வார்த்தை வரவில்லை, விட்டாள். பெட்டிக்குள்ளிருந்து, அவன் மூச்சுக்குப் பின்னால், அந்தப் பெண் தண்ணீரைக் கக்கி இருமுவது நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.