ஆறாவது அலறல்

"நாளைக்கு நீ கோர்ட்டுக்குப் போக வேணாம். இதுல ஒரு கையெழுத்து, அத்தோட கதை முடிஞ்சுது" என்று சமாதானக் காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் போட்டான் அண்ணன். பறக்காமலிருக்க அதன்மேல் பாப்கார்ன் வாளியை வைத்தான்.

தங்கை காகிதத்தைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து, வாளியின் அடியில் மிச்சமிருந்ததைத் துழாவிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரின் கண்களைப் பார்த்தாள். அழுது சிவந்திருந்தன. நான்கு வருஷத்துக்கு முன் அவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்ட அன்றுகூட அவை இப்படிச் சிவக்கவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் மனசு கொஞ்சம் இளகட்டும் என்று அண்ணன்தான் மாப்பிள்ளையைப் பகல் காட்சிக்கு அழைத்துப் போயிருந்தான். ஊரே பேசுகிற படம். பெண்டாட்டியை அடித்தே கொன்றவனைக் கோர்ட் விடுதலை செய்கிறது. கதாநாயகன் அவனைப் பதினாறாவது மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான். துணைக்கு ஒரு சட்டப் புத்தகத்தையும் சேர்த்து எறிகிறான்.

"அந்தப் பொண்ணு அலறுச்சு பாரு மச்சான், என்னால தாங்கவே முடியல. பொம்பளைய கைநீட்டறவன நிக்க வெச்சு சுடணும்" என்றார் வீட்டுக்காரர்.

"விசிலடிச்சே எனக்கு உதடு வீங்கிப்போச்சு மாப்ளே."

அந்த அலறல் அவளுடையது. நடிகைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பதுதான் அவள் தொழில். ஐந்து முறை அலறியும், "உயிர் இல்லையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார் இயக்குநர். ஆறாவது முறை அவள் கண்ணை மூடி, அந்த மாடிப்படியில் போய் நின்றாள். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார். படத்தில் அவள் பெயரும் வருகிறது. சனங்கள் வண்டி எடுக்க ஓடும்போது திரையில் அதுவும் ஓடும்.

"பதினோரு வாய்தா ஆச்சு, என்னத்தக் கண்ட?" என்றான் அண்ணன். "கோர்ட்டுல எங்கம்மா நியாயம் கெடைக்குது? படத்துலயே புட்டுப் புட்டு வெச்சுட்டானே! பேசாம அவரோட கெளம்பு."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்காமல், மெதுவாக, திரையில் கேட்ட அதே குரலில் சொன்னாள்:

"வேணாங்க... படி இருக்குங்க..."

வீட்டுக்காரரின் கை வாளிக்குள்ளேயே நின்றது.

"அது... நீயா?" என்றான் அண்ணன்.

"நான்தாண்ணே. நாலு வருஷத்துக்கு முன்னாடி அலறினதும் நான்தான். அன்னிக்கு யாரும் விசிலடிக்கல."

"அதுக்காக? சினிமா வேற, குடும்பம் வேறம்மா."

"இவர யாரும் மாடியிலேர்ந்து தள்ள வேணாம். நடந்தத நான் போய் சொல்றேன். வழிய மட்டும் விடு, போதும்."

காகிதத்தை உருவி நாலாக மடித்து, வீட்டுக்காரரின் விரல்களுக்குப் பக்கத்திலேயே வாளிக்குள் போட்டாள்.

மறுநாள் பத்தரைக்கு அவள் கோர்ட்டில் இருந்தாள். நீதிபதிதான் இல்லை. விடுப்பாம். மூன்று மணி நேரம் நிற்கவைத்த பிறகு அதைச் சொன்ன குமாஸ்தா, பாவம், நல்ல மனுஷர். தலையை ஆட்டி அனுதாபப்பட்டார்.

"உங்க கேசுக்கெல்லாம் அந்தப் படத்து ஹீரோ மாதிரி ஒருத்தன் வரணும்மா. நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல சார். எங்க வீட்டுக்காரர் பாத்தாரு. ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இந்த முறை மூடியைத் திறந்தாள்.

"அடுத்த தேதிய சொல்லுங்க."