சாந்தோமிலிருந்து தி.நகருக்கு ஒரு குத்து

பல் டாக்டர் சுங் வேய்லியன் 1969ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாந்தோமில் விட்ட குத்து, 1976ஆம் வருஷம் ஜூலையில்தான் தி.நகர் போய்ச் சேர்ந்தது. அதன் வேகம் நாளொன்றுக்கு ஏழு அடி. மழைக்காலத்தில் அரை அடி குறையும் என்று மந்தைவெளியில் சிலர் சொன்னது சுத்தப் புளுகு. தினமும் காலையில் அவரே டேப் பிடித்து அளந்திருக்கிறார்; ஐப்பசி அடைமழையிலும் ஏழு அடிதான்.

சுங்கு மாஸ்டர் என்றுதான் மயிலாப்பூர் அவரை அழைத்தது. கச்சேரி சாலையில் அப்பா காலத்துப் பல் ஆஸ்பத்திரி. அப்பா சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்தபோது பையனுக்கு ஆறு வயது. ஆகவே மாஸ்டருக்குச் சீனமும் தெரியும், பேட்டைத் தமிழும் தெரியும். பல் பிடுங்கும்போது ஆளைப் பொறுத்து இரண்டில் ஒன்றில் திட்டுவார். விடிகாலையில் மொட்டை மாடியில் குங்ஃபூ. சேருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வணக்கம் மட்டும்தான். வலக்கை முஷ்டியை இடது உள்ளங்கையால் மூட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது ஒரு தரம், முடியும்போது ஒரு தரம், இரண்டு பேரும். முடிவு வணக்கம் போடாவிட்டால் ஆட்டம் முடியாது, விட்ட குத்தும் நிற்காது என்பார். இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டபடி முக்கால்வாசிப் பேர் நின்றுவிட்டார்கள். ஆனால் அவர் சும்மா சொல்லவில்லை. அவருடைய அப்பா தன் சொந்த ஊரில் ஒரு ஆட்டத்தை அப்படிப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பதினோரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது: குத்து வந்து சேர்ந்தது, எதிராளி காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், கிண்ணம் உடையவில்லை, ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து சாகும்வரை அப்பா வலக்கையால் சாப்பிடவில்லை.

இவ்வளவும் தெரிந்த மனுஷர் அதே தப்பை எப்படிச் செய்தார் என்றால், போலீஸ் பயம். அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்தபோது அஸ்ஸாமில் தச்சு வேலை செய்த அவருடைய சித்தப்பா குடும்பத்தை, அடுப்பில் சோறு கொதிக்கும்போதே ரயிலேற்றி ராஜஸ்தான் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மாஸ்டருக்கு வாரம் ஒரு கையெழுத்தோடு போயிற்று. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் போட வேண்டும். ஆனால் அந்தச் சோற்றுப் பானை அவர் மனசில் கொதித்துக்கொண்டே இருந்தது. ஏழு வருஷத்தில் ஒரு போலீஸ்காரரையும் அவர் ஒரு நிமிஷம் காக்க வைத்தது கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் ஒரு விளையாட்டு விழா. பட்டாளத்தில் பாக்சிங் கற்றுவந்த டிரில் மாஸ்டர் ராஜநாயகம் மைக்கைப் பிடித்து, "சைனாக்காரரே, ஒரு கை பாத்துடலாமா?" என்று கூப்பிட்டார். கூட்டம் விசிலடித்தது. இரண்டு பேரும் வணக்கம் போட்டார்கள், ராஜநாயகம் சிரித்துக்கொண்டே போட்டார். மூன்றாவது நிமிஷத்தில் மாஸ்டருடைய முஷ்டி ராஜநாயகத்தின் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றது. மாஸ்டர்தான் நிறுத்தினார், அடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. முடிவு வணக்கம் ஒன்றுதான் பாக்கி. அப்போது பார்த்து மைதானத்துக் கேட்டிலிருந்து கான்ஸ்டபிள் கருணாகரன் குரல் கொடுத்தார்: "இன்னா மாஸ்டரே, மணி இன்னா ஆவுது, நீ இங்க ஆடிக்கினு கீற? ஸ்டேஷன்ல நோட்டு தொறந்து கீது, வா வா!" மாஸ்டருடைய கைகள் தாமாகவே கீழே இறங்கின. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பேனாவைக் கையில் வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் மைதானம் காலி. எதிராளி பயந்து ஓடினான் என்று ராஜநாயகத்துக்குக் கோப்பை கொடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் நின்று ஆடிய இடத்தில், நெஞ்சு உயரத்தில், தேங்காய் அளவு காற்று கெட்டியாக, சில்லென்று, ராஜநாயகம் போன திசையில் நகர ஆரம்பித்திருந்தது.

பக்கத்தில் நின்று தொட்டால் அது ஒன்றும் செய்யாது. முன்னால் இருப்பது சுவரோ மரமோ, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். மனிதர்கள் எதிரில் நின்றால் ஒரு வாரத்துக்கு விலா வலிக்கும், அவ்வளவுதான். முழுப் பலமும் ராஜநாயகம் ஒருவருக்கு மட்டும் வைத்திருந்தது. அது போய்ச் சேர்ந்தால் அவர் சாவார், கொன்றவர் சுங்கு மாஸ்டர். மாஸ்டர் தினமும் பல் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னால் குத்துக்கு முன்னே நடந்துபோய், அது நுழையப்போகும் வீடுகளில் கதவைத் தட்டி, பீரோவை நகர்த்தச் சொல்வார், தொட்டிலை இடம் மாற்றச் சொல்வார். மயிலாப்பூரில் ஒரு மாமி, "வெள்ளிக்கெழம எங்காத்துக்குப் பொண்ணு பாக்க வரா மாஸ்டர். ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லப்படாதோ?" என்று கேட்டாள். "அது சொன்ன பேச்சு கேக்காது மாமி," என்றார் மாஸ்டர். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் குத்தைச் சுற்றி உட்கார்ந்து சொஜ்ஜி சாப்பிட்டார்கள், கல்யாணமும் நிச்சயமாயிற்று. ஓட்டைகள் வரிசையாக விழுந்ததில் ஆழ்வார்பேட்டை உள்வீடுகளுக்குக்கூடச் சாயங்காலம் நாலு மணிக்குக் கடல்காற்று வந்தது. யாரும் அடைக்கவில்லை.

ராஜநாயகம் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார். ஆனால் குத்து தெருமுனைக்கு வந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் வீடு மாற்றிவிடுவார். கல்யாணமான ஐந்து வருஷத்தில் நாலு வீடு. ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு என்றார், ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு நாய் என்றார். அவர் மனைவி ஐரின் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள், அதிகம் பேசாதவள். பெட்டியைக் கட்டுவாள், அவிழ்ப்பாள். வெற்றிக் கோப்பை எல்லா வீட்டிலும் முன்னறை அலமாரிக்கு வந்துவிடும். கல்யாணப் போட்டோ மட்டும் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது, போகிற வீட்டில் எதற்கு ஆணி அடிப்பானேன் என்று. மாஸ்டர் நாலு வீட்டுக்கும் தேடிப்போனார். "சார், ஒரு வணக்கம். ரெண்டு பேரும் சேந்து போட்டா நின்னுடும். நான் தோத்துட்டேன்னு வேணா எழுதித் தரேன்," என்பார். "முடிஞ்சுபோன ஆட்டத்துக்கு என்னாத்துக்கு வணக்கம்?" என்று ராஜநாயகம் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவார். போட்டுவிட்டால் ஆட்டம் அன்றைக்கு முடியவில்லை என்று ஆகிவிடும், கோப்பை பொய் என்று ஆகிவிடும். ஏழு வருஷமாக ஓடினவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எழுபத்தாறு ஜூனில், பையன்களுக்குக் கயிறு ஏறிக் காட்டும்போது கயிறு அறுந்து ராஜநாயகத்துக்கு வலது தொடையும் வலது கையும் முறிந்தன. தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் பதினோராம் நம்பர் கட்டில். கை மாவுக்கட்டில், காலில் எடை கட்டிக் கப்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அறுபது நாள் அசைக்கக்கூடாது. அசைத்தால் எலும்பு ரத்தக்குழாயைக் கிழிக்கும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். குத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே இருநூற்று எண்பது அடி, அதாவது நாற்பது நாள். இருபது நாள் துண்டு விழுந்தது.

அந்த நாற்பது நாளும் மாஸ்டர் பல் பிடுங்கவில்லை, கை நடுங்கியது. தெருவில் மணல்மூட்டை அடுக்கிப் பார்த்தார், மூட்டைகளில் ஓட்டை விழுந்து மணல் கொட்டியது. தானே எதிரில் நின்று பார்த்தார், மூன்று விலா எலும்பு வீங்கியதுதான் மிச்சம். சாயங்காலமானால் கட்டில் பக்கம் வந்து நிற்பார். ராஜநாயகம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். முப்பத்தொன்பதாம் நாள் அந்தச் சுவரிலேயே சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது குத்து அறைக்குள் இருந்தது. கட்டில் உயரத்துக்குத் தானாகவே தணிந்து, மணிக்கு மூன்றரை அங்குலம் வீதம் அவருடைய இடது விலாவைப் பார்த்து வந்தது. நர்சுகள் அதைச் சுற்றிக்கொண்டு போய் மருந்து கொடுத்தார்கள். நாலு மணிக்குப் போர்வை அந்தப் பக்கம் குழிந்தது. ராஜநாயகம் அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஐரின்தான் திறந்தாள். "தண்ணி உப்புன்னீங்க, நாய் கொலைக்குதுன்னீங்க. நான் ஒண்ணும் கேக்காம பொட்டிய கட்டினேன். இப்ப உங்க வீம்புக்கும் உங்க நெஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடைதாங்க இருக்கு. இந்த ஒரு பொட்டிய மட்டும் என்னால கட்ட முடியாது." குரல் உடைந்துபோயிற்று. அவள் அழுது அவர் அதுவரை பார்த்ததில்லை. ராஜநாயகம் மெல்ல முகத்தைத் திருப்பினார்.

"மாஸ்டர், அன்னிக்கு நீங்க கைய நிறுத்தலன்னா நான் அங்கயே செத்திருப்பேன். அது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். பிறகு வணக்கம் போட இடது உள்ளங்கையைத் தூக்கினார். தூக்கியபடியே வைத்திருந்தார். மூடுவதற்கு முஷ்டி இல்லை. வலது கை தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் கிடந்தது. அடப்பாவமே, ஏழு வருஷமாக இந்த மனுஷர் சம்மதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மாஸ்டருக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. குத்து ஒரு விரற்கடையில் இருந்தது, அன்றைக்கு மாஸ்டர் நிறுத்திய அதே தூரத்தில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம். கருணாகரன் இப்போது ஏட்டு, மீசை நரைத்திருந்தது, குரல் அதேதான். "மாஸ்டரே, அஞ்சு ஆவப்போவுது. இது எமர்ஜென்சி டைம் நைனா, லேட்டா போட்டா என் தல உருளும். கெளம்பு கெளம்பு!" பதினாலு வருஷப் பழக்கம் சாமானியமா? மாஸ்டருடைய கால்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியேவிட்டன. அடுப்பில் கொதித்த சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது. கஞ்சிக் கிண்ணமும் வந்தது.

"ஏட்டய்யா, நில்லுங்க," என்றார் சுங்கு மாஸ்டர். "நான் வரேன். கொஞ்ச நேரம் நில்லுங்க."

கருணாகரன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். மாஸ்டர் திரும்பிவந்து, கட்டில் ஓரமாகக் குனிந்து, தன்னுடைய வலக்கை முஷ்டியை ராஜநாயகத்தின் இடது உள்ளங்கையில் வைத்தார். ராஜநாயகம் விரல்களை மடக்கி அதை மூடினார். இருவரும் தலை குனிந்தார்கள், ராஜநாயகம் குனிய முடிந்த அளவு குனிந்தார். மூன்று மூச்சு விடும் நேரம். போர்வையின் குழி ஆழமாகவில்லை. ஐரின் குனிந்து பார்த்தாள், டேப்பை வாங்கி அவளே அளந்தாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குத்து நின்றுவிட்டது.

அன்றைக்குக் கையெழுத்து ஐந்தே முக்காலுக்குத்தான் விழுந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்' என்று கருணாகரன் எழுதினார். மேலே இருப்பவர்கள் யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் செவ்வாய்க்கிழமை பல் ஆஸ்பத்திரியைத் திறந்தார், கை நடுங்கவில்லை. ஆகஸ்டில் ராஜநாயகம் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது ஐரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்தாள், பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கிவந்து முன்னறைச் சுவரில் ஒரு நீள ஆணி அடித்து மாட்டினாள். கோப்பையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அது சமையலறைக்குப் போய்க் கரண்டி போட உதவியது.

நின்ற குத்து அதே இடத்தில், பதினோராம் நம்பர் கட்டிலுக்கு இடது பக்கம் இருக்கிறது. மறுநாள் காலை நர்ஸ் ஒருத்தி தெர்மாஸ் பிளாஸ்க்கை அதில் மாட்டினாள். அடுத்து அந்தக் கட்டிலுக்கு வந்த பாத்திரக் கடைக்காரர் சட்டையை மாட்டினார், இது என்ன என்று கேட்கவில்லை. எட்டுக் கிலோ வரை தாங்குகிறது.