மார்ச் முதல் வாரத்து ஜீப்

...அந்தச் செடி அற்றுப்போனது என்று படிவத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது, நாலு மணிக்குள் அனுப்பிவிடலாம், பதின்மூன்று வருஷமாக ஒரு பூ கூட இல்லை, பதின்மூன்று கட்டத்திலும் பூஜ்யம், எல்லாம் தன் கையால் போட்டதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது... தாவர ஆய்வாளர் பேனாவைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு சொல் மேலிடம் போய்ச் சேர்ந்தால் அடுத்த மாதமே செடிக்காகப் போட்ட வேலியைப் பிடுங்கிவிடுவார்கள், அந்தப் பாலைநிலம் கல்குவாரிக்குப் போய்விடும், நகமளவு மஞ்சள் பூவுக்கு இத்தனை பெரிய வேலியா என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். அவள் அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த வருஷம், நிறைமாதமாக இருந்தாள், பூவைப் பார்க்க மண்டியிட்டவளால் எழுந்திருக்க முடியவில்லை, டிரைவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அன்று வயிற்றில் உதைத்தவளுக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. வீட்டில் வாயாடி என்று பெயர், அந்தப் பெயர்தான் மிச்சம், இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல... தினமும் ஆறரைக்கு வீடு வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல், இவள் ஸ்கூல்ல என்னடி விசேஷம் என்று கேட்பாள், ஒண்ணுமில்லம்மா என்று பதில் வரும், கதவு சாத்திக்கொள்ளும்.

டீயைக் கொண்டுவந்து வைத்த டிரைவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். "அவ்ளோதானா மேடம் அது கதை? நாம பாத்தோமே, ஜீப் ரிப்பேராகி ஏப்ரல்ல போனோமே, அந்த வருஷம்." ஆமாம், அந்த வருஷம்தான் மழையும் தாமதம்... மழை விழுந்து இருபது நாளில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் மணலுக்குள் விதையாகக் கிடக்கும், இது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் இவர்கள் பிரிவுக்கு ஜீப் கிடைப்பது, மழை எப்போது பெய்தாலும், மார்ச் முதல் வாரம்தான். மழை பெய்ததும் வேண்டும் என்று ஒருமுறை கேட்டாள், முடியாது என்றார்கள், பிறகு கேட்கவே மறந்துபோனாள். "நாம போற நேரத்துக்கு அது பூக்கணும்னா எப்படி மேடம்? அதுக்கு நம்ம ஜீப் டைம் தெரியுமா?" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலதிகாரி வாங்கு வாங்கென்று வாங்குவார், வாங்கட்டும்... தகவல் போதாது என்று எழுதினாள், அதன் கீழே, நாங்கள் போகவேண்டிய நேரத்தில் போகவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போன் அதிர்ந்தது, வாயாடி, மணி மூன்றரை, பள்ளிக்கூடம் விடும் நேரம், இந்த நேரத்தில் எப்போதாவது கூப்பிடுவாள். "அம்மா, வேலையா இருக்கியா?" சாயந்திரம் பேசலாம்டி... நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பழகிய வார்த்தை, இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள், எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆறரைக்கு ஒன்றுமில்லைதான், மூன்றரைக்கு என்ன இருந்தது? பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்லடா, சும்மாதான் இருக்கேன். சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.