ஓவியத்துக்குச் சொந்தமானவர்

வலந்தினாவின் கணவர் ஞானு, புதுச்சேரியில் இருந்த ஒரு பழைய பிரெஞ்சு ஓவியத்துக்குச் சொந்தமானவர். ஆற்றங்கரையில் மூன்று பசுக்கள் நிற்கிற ஓவியம். அதில் மழை வருகிற மாதிரியே இருக்கும், வராது. வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, அதைப் பற்றி ஓவியத்துக்குக் கவலையும் கிடையாது. கப்பலேறி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அது ஆட்களை வைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஒரு நீதிபதியை வைத்திருந்தது. அவர் காலமான பிறகு ஒரு மருந்துக்கடைக்காரரை வாங்கியது. அவருடைய இருமல் பிடிக்காமல் காரைக்காலில் இருந்த ஒரு பழக்கூடை ஓவியத்தின் தலையில் கட்டிவிட்டது. ஞானு அதற்கு மேலே பல்பு மாட்ட வந்த இளவட்ட எலெக்ட்ரீஷியன். ஏணியை விட்டு இறங்குவதற்குள் அதற்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஓவியத்தின் ஆள் என்று தெரிந்துதான் வலந்தினா அவரைக் கட்டிக்கொண்டாள். அரசாங்க உத்தியோகத்தைவிட நிலையானது என்று அவளுடைய அப்பாவும் சொன்னார். பகலெல்லாம் ஞானு ஓவியம் மாட்டியிருந்த கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். கண்காட்சி சமயத்தில் வெளியூர் ஓவியங்களைத் தூக்கிவந்து அவருக்கு எதிரே சாத்தி வைப்பார்கள். அவை அவரைப் பார்க்கும். ஒரு சீமாட்டியின் உருவப்படம் அவருடைய காதையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனதாம். “பாத்துட்டுப் போவட்டும், தேஞ்சா பூடுவேன்?” என்பார் ஞானு. அந்தச் சாயங்காலங்கள் போதும் என்றுதான் வலந்தினா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

ஓவியத்தின் காரியஸ்தர் எத்திராஜ் ஒருநாள் வீடு தேடி வந்தார். ஞானுவைப் பிரான்சில் இரவல் கேட்டிருக்கிறார்கள், ஓவியத்துக்குச் சம்மதம் என்றார்.

“எப்ப திரும்பி வருவாரு சார்?”

“நிரந்தர இரவல்மா.”

வலந்தினா நேரே போய் ஓவியத்தின் முன்னால் நின்று அழுதாள், காலில் விழாத குறைதான். பசுக்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன. பெரிய இடத்துச் சொத்தில் பங்கு கேட்டால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

சேதமான ஆட்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று எத்திராஜே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். வலந்தினா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினாள். ஞானு சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சட்டைக்குள்ள மறையற எடமா பாத்து வை.”

“மறைஞ்சா எப்படிங்க? தெரியணுமே.”

அவர் யோசித்துவிட்டு இடது கையை நீட்டினார். வைத்தது அவள், அழுததும் அவள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எத்திராஜ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சேதம்தான் என்று ஒப்புக்கொண்டார். பயணம் நின்றது. அன்றைக்கு வலந்தினா நண்டு வாங்கிச் சமைத்தாள். இருவரும் வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஓவியம் விடவில்லை. ஆட்களைச் சீர்செய்கிற கோமளவல்லி அம்மாள் சென்னையிலிருந்து பஞ்சும் திராவகமுமாக வந்து இறங்கினார். ஞானுவின் கைத் தழும்பை மெதுவாகத் துடைத்தார். தழும்பு போனது. அதோடு நிற்காமல் சுற்றியிருந்த சுருக்கமும் நரைமுடியும் கூடவே பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தன. அடியில் கறுப்பாக, வழுவழுவென்று வேறொரு கை இருந்தது.

“மேல இருக்கறது பூரா பிற்பாடு யாரோ சேர்த்ததுங்க” என்றார் அம்மாள்.

“நாந்தாம்மா சேத்தேன்” என்றாள் வலந்தினா.

“அதனாலதான் எடுக்க வேண்டியிருக்கு.”

தொப்பை போனது. அவள் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்கிற பழக்கம் போனது. பிள்ளை தங்காமல்போன அந்த வருஷத்தில் கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பும் போனது. அதை எடுக்க மட்டும் அம்மாளுக்கு நிறையப் பஞ்சு தேவைப்பட்டது. வலந்தினா சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தான் சூடு வைக்காமல் இருந்திருந்தால், போகிறவர் அவளுடைய கணவராகவாவது போயிருப்பார். அந்த நினைப்பு அவளை அறுத்தது.

கடைசியில் முக்காலியில் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா, மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?”

வலந்தினா காட்டினாள்.

மறுநாள் அவனை வைக்கோல் பரப்பிய பெட்டியில் நிற்கவைத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். எத்திராஜ் ஒரு துணிப்பையை வலந்தினாவிடம் கொடுத்தார். உள்ளே அழுக்குப் பஞ்சு திணித்திருந்தது. பிற்பாடு சேர்த்ததை எடுத்தால் சேர்த்தவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி என்றார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். வெயில் அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பஞ்சைக் கட்டிலில் கொட்டினாள். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. சுவரோரம் போய் சுவிட்சில் கை வைத்தாள்.

“ஃபேன் போடாத வலந்தினா, பறந்துடுவேன்” என்றது பஞ்சு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.